கலியம்மாள் வீட்டு உப்பு

நர்ஸ் சாந்தா மருந்துக் குப்பியின் மூடியைத் திறந்தபோது ஜெயசித்ராவின் கண் துணிப் பெட்டிக்குப் போனது.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இதே நர்ஸ்தான் அவள் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டு, குழந்தையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று சொன்னாள்.

ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை.

மாமியார் கலியம்மாள் வாசலுக்கு ஓடினாள். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குக் கிளம்பி, சைக்கிளில் ஒரு காலையும் வைத்துவிட்ட மகன் மணிவேலைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அவனும் குழலில் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறது, கேட்கிறது என்று தலையாட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சாந்தா வீட்டில் புழங்கும் உப்பைக் கேட்டாள். உப்பில் அயோடின் இருந்தால் மருந்து பட்டதும் நீலமாகுமாம். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்குமாம்.

கலியம்மாள் தானே போய் ஜாடியை எடுத்து வந்தாள். ஜாடி நிறையக் கல்லுப்பு.

வெள்ளையாகத்தான் இருக்கப்போகிறது என்று ஜெயசித்ராவுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அயோடின் கலந்த பாக்கெட் உப்பு வாங்கச் சொல்லி ஊரில் கூட்டம் போட்டபோது, அதில் குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து கலக்கிறார்கள் என்று எழுந்து சொன்னவள் கலியம்மாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாரும் பாக்கெட் உப்பு வாங்கவில்லை.

இரண்டாவதும் கலைந்த பிறகு, அரியலூரில் டாக்டரம்மா ஜெயசித்ராவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று மாத்திரை எழுதினார். அயோடின் இல்லாத உப்பும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை முதலில் மாற்று என்றார்.

மாற்றினாள், யாருக்கும் தெரியாமல். துணிப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் பாக்கெட் உப்பை வைத்துக்கொண்டு, அதை எடுத்துத்தான் சமைத்தாள். ஜாடி குறையாவிட்டால் மாமியாருக்குச் சந்தேகம் வரும். அதனால் தினமும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பை அள்ளிக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினாள். ஒன்றரை வருஷமாக.

சாந்தா நாலு கல்லை நுணுக்கிக் கரண்டியில் பரப்பினாள். மருந்து ஒரு சொட்டு விழுந்தது.

உப்பு நீலமானது.

லேசாக அல்ல. அப்போதுதான் திறந்த சொட்டுநீலம் போல.

ஜெயசித்ரா மாமியாரைப் பார்த்தாள். கலியம்மாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று சாந்தா கேட்டாள். ஜெயங்கொண்டத்தில் பாக்கெட்டில் அயோடின் கலந்த கல்லுப்பே விற்கிறது என்று கலியம்மாள் மெல்லச் சொன்னாள். பிரித்து ஜாடியில் கொட்டிவிட்டுக் கவரை அடுப்பில் போட்டுவிடுவாளாம்.

"அரியலூர்ல டாக்டரம்மா சொன்னப்ப நானும் கதவுகிட்டதான நின்னேன்" என்றாள். "தெருவுக்கே வேணாம்னு சொன்னவ நானு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாங்கிட்டு வந்தேன்னு சொல்றது?"

ஜெயசித்ராவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. துணிப் பெட்டியைத் திறந்து பாக்கெட்டை எடுத்து வந்து மாமியார் கையில் கொடுத்தாள். சாக்கடையில் கொட்டியதையும் சொன்னாள்.

கலியம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ கொட்டறத நானும் பாத்தேன். கண்ணேறு கழிக்கிறன்னுல்ல இருந்தேன்."

முதலில் சிரித்தவன் மணிவேல். பிறகு சாந்தா. ஜெயசித்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆலைச் சங்கு ஊதியது யார் காதிலும் விழவில்லை.

கலியம்மாளும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்புதான் முதலில் நின்றது.

எதிர்வீட்டுச் சிந்தாமணிக்கு இப்போது இரண்டாம் மாதம். போன தை மாதம் அவளுக்கும் ஒன்று கலைந்திருந்தது. அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தவள் கலியம்மாள். உப்பைப் பற்றி அன்றும் வாயைத் திறக்கவில்லை.

ஜெயசித்ராவும்தான் அங்கே இருந்தாள். அவளும் சொல்லவில்லை.

கலியம்மாள் சாந்தாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். நீல உப்பு சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். செருப்புகூடப் போடவில்லை. சாந்தா குப்பியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

தெருக் குழாயில் குடம் வைத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கலியம்மாள் எதிர்வீட்டு வாசலில் நின்று, அன்று கூட்டத்தில் பேசிய அதே குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சிந்தாமணி, ஒங்க வூட்டு உப்ப எடுத்துக்கிட்டு வா. நான் சொன்னது தப்பு."