மஞ்சள் காயுமுன்

உத்திரமேரூர்க் கடைத்தெருவில், ஜாஹிராவின் அச்சகத்துள் சாய்வாக விழும் காலை வெயில், புதிய அச்சுப்பொறி வந்த அட்டைப்பெட்டியின்மேல் நிற்கிறது. 'முழுதும் திறந்த மென்பொருளில் இயங்குவது' என்று அதில் கொட்டை எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஆனால், கணினியின் கட்டளைகளைப் பொறிக்குக் கொண்டுசேர்க்கும் 'டிரைவர்' என்ற மென்பொருளை மட்டும், யாரும் உள்ளே பார்க்க முடியாதபடி நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது. கணினியைப் புதுப்பித்தது முதல் அந்த டிரைவர் அசைய மறுக்கிறது. விருந்துக்கு அழைத்துவிட்டு அடுக்களையைப் பூட்டிய கதைதான். தன் மகளின் திருமணப் பத்திரிகைகளுக்காகப் பொன்னியம்மாள், அவற்றின் மூலைகளில் தடவக் குழைத்த மஞ்சள் கிண்ணத்துடன் காத்திருக்கிறாள். இன்று மாலைக்குள் அவள் ஊரை அழைத்தாக வேண்டும்.

"இன்னாம்மா, எல்லாம் தொறந்து கீதுன்னு வாங்கியாந்த, இப்டி பேஜார் பண்ணுது?"

"உள்ள இன்னா கீதுன்னு கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான்க்கா. நானே கண்டுபிடிக்கிறேன்."

"மஞ்சா காயுது, கண்ணு."

"தண்ணி தெளிச்சிக்கினு இரு."

முக்காட்டை இறுக்கிக்கொண்ட ஜாஹிரா, டிரைவரை ஒதுக்கிவிட்டுப் பொறிக்கு நேராகவே கட்டளைகளை மாற்றி மாற்றி அனுப்புகிறாள். பொறி உறுமி, வெற்றுத்தாளைத் துப்புகிறது. மீண்டும் அனுப்புகிறாள். இம்முறை தாளின் நடுவே, கோணலாக, ஒரு கருங்கோடு விழுகிறது. பொன்னியம்மாள் அத்தாளை வாங்கி, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, அவளிடமே நீட்டுகிறாள்.

"மொத பத்திரிக்கை உனக்குத்தான். வந்துடு."

ஜாஹிரா அதைத் திரையருகே சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த கட்டளையைத் தட்டுகிறாள்.