ரெண்டாவது மிதி

அந்தச் சின்ன ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸின் ஏர் ஹாரன் அலறியது. கலைவாணன் பைக்கை வாசலிலேயே நிறுத்தினான்.

அவனுக்குத் தெரியாத ஹாரனா? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்தபடி நின்று அவனே பதிவு செய்தது. திருடியதை நடுப்பகலில் சத்தமாக வைத்து விளையாடுகிற திமிர்.

கதவைத் தட்டினான். திறந்தவளுக்கு இருபது வயது இருக்கும். கையில் செல்போன், அதன் திரையில் அவனுடைய பஸ்.

"ஏஞ்சல் மேரிங்கிறது?"

"நாந்தான். கலைவாணன் அண்ணனா? உள்ள வாங்கண்ணா. வரதராசன்பேட்டைக்கு வழி கேட்டு வந்துட்டீங்களே."

"அண்ணனாம் அண்ணன். 'தைரியம் இருந்தா வூட்டுக்கு வாங்க'ன்னு குரூப்புல அட்ரஸ் போட்டப்ப இந்த மரியாதை எங்க போச்சு?"

செல்போன் பஸ் கேமில் ஓட்டுவதற்காக நம் ஊர் பஸ்களை அச்சு அசலாகச் செய்து தருகிறவன் கலைவாணன். 'மோடு' என்பார்கள். பெரம்பலூர் - அரியலூர் தடத்தில் ஓடிய 'வேம்பரசி' பஸ்தான் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்த மோடு. போன வருஷம் நிஜ வேம்பரசி விபத்தில் நசுங்கிய பிறகு, கேம் வேம்பரசிக்குக் கிராக்கி இன்னும் கூடிப்போனது.

அதைத்தான் இவள் எடுத்து, அவன் பெயரை அழித்துவிட்டு, தன் பெயரில் ஏற்றியிருந்தாள். அடுத்தவர் மோடை அனுமதி கேட்காமல் தொடுவது, மோடு செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மன்னிப்பே இல்லாத குற்றம்.

"ஓனரையே நேர்ல பாத்து, பஸ் பேரப் போட்டுக்க முறையா பர்மிஷன் வாங்குனவன் நான். இப்பவும் தீபாவளிக்கு எனக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புறாரு. நீ நோகாம தூக்கிப் போட்டுக்கிட்ட."

"வேம்பரசிய யாரு வேணா செய்யலாமேண்ணா. இது உங்களோடதுன்னு என்ன ஆதாரம்?"

உள்ளறையில் யாரோ இருமினார்கள். கலைவாணன் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா. எந்திரிக்க முடியாது. நீங்க சொல்லுங்க."

"சொல்றேன். எல்லாத்தையும் அப்படியே வச்சிட்டு பிரேக்க மட்டும் மாத்துன பாரு, அங்கதான் மாட்டிக்கிட்ட. என் பஸ்ஸு ஒரே மிதியில நிக்காது. ரெண்டாவது மிதிக்குத்தான் நிக்கும்."

"அது தப்பா இருந்துச்சு. சரி பண்ணேன்."

"யாரு தப்புன்னா? அதாம்மா ஒரிஜினல். நெஜ பஸ்ஸே அப்படித்தான் நின்னுச்சு."

"அதெல்லாம் நீங்களா சொல்றது."

அது அவனைச் சுட்டது. "வீடியோவே இருக்கு" என்று செல்லை எடுத்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால், பஸ்ஸுக்குள் எடுத்த வீடியோ கிடைக்குமா என்று கேட்டு மெசேஜ் அனுப்பியதும் இவள்தான். எல்லோருக்கும் அனுப்புகிற பதிலையே இவளுக்கும் அனுப்பியிருந்தான்: 'ஒரிஜினல் ஃபைல் யாருக்கும் கிடையாது.' இன்று தன்னுடையது என்று நிரூபித்தாக வேண்டும்.

வீடியோவில் காக்கி பேன்ட் போட்ட ஒரு கால் பிரேக்கை மிதித்துக் காட்டியது. கூடவே ஒரு குரல்: "பாரு தம்பி, மொத மிதி சும்மா போவுது. ரெண்டாவதுக்குத்தான் புடிக்குது. ஷெட்டுல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. ஓனரு இன்னும் ஒரு மாசம் ஓட்டுங்கறாரு."

ஏஞ்சல் மேரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருண்ணா பேசுறது?"

"டிரைவரு. பேரு மறந்துபோச்சு. இப்ப நம்புறியா?"

"நம்புறேன். தேதியோட அப்படியே எனக்கு அனுப்புங்கண்ணா. மோடத் தூக்கிட்டு, குரூப்புல மன்னிப்பும் கேட்டுடறேன்."

அனுப்பினான். சொன்னபடியே செய்தாள். அவன் கண் முன்னாலேயே மோடை அழித்தாள். 'இது கலைவாணன் அண்ணனின் உழைப்பு. கேட்காமல் எடுத்தது என் தப்பு' என்று குரூப்பில் எழுதினாள்.

கலைவாணனுக்கு மனசு இளகியது. "இனிமேலாவது எதையும் கேட்டுட்டு எடும்மா. நாங்க என்ன பேயா பிசாசா?"

"கேட்டேண்ணா. நீங்க தரல."

அவனுக்குப் புரியவில்லை. அவள் விரல் இன்னும் செல்லில் எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. அவன் எட்டிப் பார்த்தான். அதே வீடியோ.

"யாருக்கு அனுப்புற?"

"வக்கீலுக்கு."

"வக்கீலா? மோடத்தான் தூக்கிட்டியே, அப்புறம் வக்கீல் எதுக்கு?"

"பிரேக்குல ஒரு கொறையும் இல்ல, டிரைவர்தான் தூங்கிட்டாருன்னு ஓனர் கோர்ட்டுல சொல்லியிருக்காரு. பஸ் ஸ்டாப்புல நின்னவங்க நாலு பேரு செத்தாங்களே, அந்தப் பழி மொத்தமும் டிரைவர் தலையில."

உள்ளறையில் மறுபடி இருமல் கேட்டது. "கொஞ்சம் தண்ணி தாம்மா" என்றது ஒரு குரல். இப்போதுதான் செல்லில் கேட்ட குரல்.

கலைவாணன் உள்ளறைப் பக்கம் திரும்பினான். ஏஞ்சல் மேரி சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க பேரு மறந்துட்ட அந்த டிரைவர் எங்கப்பாண்ணா."