தொண்டை கட்டிய சனிக்கிழமை

"தொழுகை, ஓதல் எல்லாம் உண்டா மாப்பிள்ளை?"

"அதெல்லாம் எங்க ரத்தத்துலயே இருக்கு மாமா."

பெண் கேட்கப் போன அன்று செவ்தாவின் அப்பாவும் தைஃபுனும் மார்க்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மாப்பிள்ளையைச் சோதிக்க எங்கள் வழக்கப்படி உப்புப் போட்டுக் கொடுத்த காப்பியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு மாப்பிள்ளை இதையும் சொன்னதால், கூடத்தில் இருந்த எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

ரத்தத்தில் இருப்பதை யாரும் எடுத்துக் காட்டச் சொல்வதில்லை. ஜெர்மனியில், இந்த டூயிஸ்பர்க்கில், எங்கள் துருக்கி ஆண்களில் பாதிப் பேர் அந்த தைரியத்தில்தான் கல்யாணமே செய்துகொள்கிறார்கள்.

இன்று எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

பள்ளிவாசல் வாசலில் கார் நின்று வெகுநேரமாகிவிட்டது. தைஃபுன் இறங்கவில்லை. பக்கத்தில் செவ்தா, மடியில் பாக்லாவா இனிப்புத் தட்டு. மகள் மெலிகே வெள்ளை முக்காட்டுக்கு ஊசி குத்திக்கொண்டு எப்போதோ உள்ளே ஓடிவிட்டாள்.

அந்தக் கட்டடம் முன்பு கம்பளக் கடையாக இருந்தது. தள்ளுபடி நாட்களில் இப்போது வருவதைவிடக் கூட்டம் அதிகம்.

மெலிகே அரபு எழுத்துப் புத்தகத்தை முடித்துவிட்டு இன்றைக்கு முதல்முறையாகக் குர்ஆனைத் திறக்கிறாள். வழக்கமாக இந்த விழாவில் பிள்ளை ஓதும், அம்மாக்கள் அழுவார்கள், அப்பாக்கள் போனில் படம் எடுப்பார்கள், எல்லோரும் இனிப்பு தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யாருக்கும் சிரமமில்லை.

இந்த வருடம் ஓதிக் கொடுக்க வந்திருக்கும் ஆசிரியைக்கு, ஹோஜா ஹனும் என்று கூப்பிடுவோம், சின்ன வயசு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர். பிள்ளை ஒரு வரி ஓதினால் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா அடுத்த வரியை ஓத வேண்டும் என்று புது ஏற்பாடு செய்துவிட்டார். மனப்பாடம் செல்லாது. பக்கத்தை அவரே திறந்து தருவாராம்.

அந்த வாரம் எங்கள் தெருவில் அப்பாக்களுக்கு மட்டும் தொண்டை கட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் சளிக்காலம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று நினைத்தார்.

தைஃபுன் பெயரை மெலிகேதான் முதல் ஆளாகக் கொடுத்திருந்தாள். "எங்க பாபாவுக்கு எல்லாம் தெரியும்" என்று சேர்த்துச் சொன்னாளாம்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கடையில் ஜெல்லி மிட்டாய்ப் பொட்டலத்தைத் திருப்பி, அதில் சேர்த்த ஜெலட்டின் எந்த விலங்கினுடையது என்று பொடி எழுத்தை ஆராய்பவன் தைஃபுன். நவம்பரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கிறிஸ்தவப் புனிதரைப் பாடிக்கொண்டு விளக்கு ஏந்தி ஊர்வலம் போகும்போது, விளக்கைப் பிடிக்கலாம், பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கலாம் என்று தீர்ப்பு வழங்கியவனும் அவனே. மதத்தின் எந்தப் பொடி எழுத்தும் அவன் கண்ணுக்குத் தப்பியதில்லை, அரபு எழுத்தைத் தவிர.

சனிக்கிழமைதோறும் மகளை மேலே வகுப்பில் விட்டுவிட்டு, கீழே பள்ளிவாசலின் தேநீர் அறைக்குப் போவான். அங்கே மற்ற அப்பாக்கள் பலகையில் ஆட்டக் கட்டைகளை அடுக்கித் தயாராக இருப்பார்கள். தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் யாருக்காவது காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியது ஞாபகம் வரும். ஒரு காரைப் பார்க்க அத்தனை பேரும் போவார்கள்.

"இறங்கு" என்றாள் செவ்தா.

"தொண்டை சரியில்ல."

"நேத்து மேட்ச்ல ரெஃப்ரியைத் திட்டினப்போ நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதுலதான் போச்சு."

"உன் ரத்தத்துல இருக்கிறதுக்குத் தொண்டை எதுக்கு? விரலைக் குத்திக் காட்டு, போதும்."

தைஃபுன் சிரிக்கவில்லை. நிறுத்திய காரின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது செவ்தா. சின்ன வயசுல ஓதப் போறேன்னு கிளம்பிப் பந்து விளையாடப் போயிடுவேன். வியாழக்கிழமை நீ குர்ஆனைத் திறந்து வச்சுக்கிட்டு யாசீன் ஓதுவேல்ல... அப்பல்லாம் உன்கிட்டக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். எனக்கும் கத்துக் கொடேன்."

குத்திக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் செவ்தாவுக்கு இனிமேல் வாய்க்கப்போவதில்லை. அவள் பாக்லாவாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தைஃபுனுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் மெலிகே தலை நீட்டினாள். "பாபா! வாங்க, முன்னாடியே இடம் பிடிச்சு வச்சிருக்கேன்!"

செவ்தா தட்டோடு இறங்கினாள். தண்டனைக்குப் போகிறவன் போலத் தைஃபுன் பின்னாலேயே வந்தான். வாசலில் ஹோஜா ஹனும் சிரித்தபடி தட்டை வாங்கிக்கொண்டார். மெலிகே அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கொஞ்சம் நில்லு கண்ணு, நீயும் கேளு" என்றாள் செவ்தா. பிறகு ஹோஜா ஹனும் பக்கம் திரும்பினாள். "பெரியவங்களுக்கு முதல் எழுத்துல இருந்து ஒரு வகுப்பு வைப்பீங்களா?"

ஹோஜா ஹனும் தைஃபுனைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கா?"

"ரெண்டு பேருக்கு" என்றாள் செவ்தா. "யாசீன் எனக்கு எங்கம்மாவோட கேசட்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது. பக்கத்தை நான் ஒரு குத்துமதிப்பாத்தான் புரட்டுறேன்."