கிழங்கு வெட்டும் வரை

"விதை விழுந்த மண்ணுல கடப்பாரையைப் போடக் கூடாதுன்னு எங்கம்மா உசிரோட இருந்தப்ப அடிச்சு அடிச்சுச் சொல்லுவா. அவ சொல்லைத் தட்ட மனசில்லாமத்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன். கெழங்கை வெட்டினதும் வீட்டைக் காலி பண்ணிருங்கக்கா" என்றான் கௌரிசங்கர்.

மேலகரத்தில் இருந்த அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு, குற்றாலம் சீசனுக்குள் வாடகை ரூம்கள் கட்டிவிட வேண்டும் அவனுக்கு. குடியிருந்த உமாதேவிக்கோ மகளின் பிளஸ் டூ பரீட்சை முடியும் வரை இடம் மாறாமல் இருந்தால் போதும்.

"இப்பத்தான பொங்கல் முடிஞ்சிருக்கு தம்பி. கெழங்கு இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று இழுத்தாள்.

அவனுடைய அப்பா சிவசைலம் புழக்கடைப் பாத்தியில் குனிந்து பார்த்தார்.

"இலையெல்லாம் மஞ்சளாயிருச்சு. இனி என்னத்தப் பெருக்கப் போகுது? விட்டா எலிதான் தின்னும். இன்னைக்கே வெட்டு."

"இன்னைக்கேவா அண்ணாச்சி?"

"இப்பவே. ஏலே கௌரி, நீ தென்காசிக்குப் போயி கொத்தனாரைக் கூட்டிட்டு வா. நான் இங்கனயே நின்னு வெட்ட வச்சிருதேன்."

அப்பாவுக்கு இத்தனை வேகம் எங்கிருந்து வந்தது என்று மகனுக்கே ஆச்சரியம். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான்.

உமாதேவிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மகனாவது இத்தனை நாள் பொறுத்தான். இந்த மனுஷனுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லையே.

மண்வெட்டியைப் போட்டாள். மணல் கலந்து புட்டு மாதிரி உதிரியாக வைத்திருந்த மண். செடியைத் தூக்கினால் கொத்துக் கொத்தாகச் சிறுகிழங்கு. போன வருஷம் ஆசை ஆசையாய் உரத்தை அள்ளிப் போட்டதில் இலைதான் காடாக வளர்ந்தது. இந்த வருஷம் அளவாகப் போட்டாள், கை கூடிவிட்டது. கூடாமலே போயிருக்கலாம் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"கையை நிறுத்தாத. அந்த மூலையையும் தோண்டு, நல்லா ஆழமா" என்றார் சிவசைலம்.

"அங்கன நான் கெழங்கே போடல அண்ணாச்சி."

"சொன்னதைச் செய்யி."

தோண்டினாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "எம்மவளுக்குப் பரீட்சைன்னு உங்களுக்குத் தெரியும்லா? இவ்வளவு கல்நெஞ்சா?"

அவர் வேலிக்கு வெளியே போய், அங்கே ஒளித்து வைத்திருந்த சாக்கு ஒன்றைத் தூக்கி வந்து அவள் முன்னால் கொட்டினார். அத்தனையும் முளைவிட்ட சேனைத் துண்டுகள்.

"அவன் கொத்தனாரோட வந்து சேருததுக்குள்ள எல்லாத்தையும் குழியில வச்சு மூடிரும்மா" என்றார். "சேனை வெட்ட ஐப்பசி ஆயிரும்."