வெர்லா கை தூக்காத புதன்கிழமை

அந்தப் புதன்கிழமை வெர்லா கை தூக்கவில்லை.

அதை முதலில் கவனித்தவர் பாஸ்டர் ராய்ஸ். நான் வாழைப்பழ புட்டிங்கின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

புதன் மாலைகளில் எங்கள் சபையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். தட்டுகளை எடுப்பதற்கு முன்பே ஜெப விண்ணப்பங்கள் தொடங்கிவிடும். எழுந்து வாய்விட்டுச் சொல்லலாம். சொல்ல முடியாதவர்கள் பேசாமல் கையை மட்டும் தூக்கலாம். அதற்குச் சொல்லாத விண்ணப்பம் என்று பெயர். என்ன ஏது என்று யாரும் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம், அது வேறு விஷயம்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் முதல் விண்ணப்பம் நாட்டுக்காக. அடுத்தது அலபாமா சட்டமன்றத்தில் நிற்கும் மசோதாவுக்காக. பள்ளி நூலகத்தில் இருக்கக் கூடாத புத்தகங்கள் இருக்கின்றன, அதற்காக ஜெபிக்க வேண்டும் என்று என் மனைவி நடீன் எழுந்து சொன்னாள். நானும் ஆமென் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாட்டுக்காக ஜெபிப்பதில் ஒரு வசதி. நாடு நம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாது.

வெர்லா எங்கள் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.

அவள் விண்ணப்பம் என்னவென்று காருக்குள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மகன் கார்பினுக்காகத்தான். எங்கள் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன். நடீன்தான் அவனுக்கு ஆசிரியை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவன் பாடும்போது இருமக்கூட மாட்டோம். பிறகு அட்லாண்டாவுக்குப் போனான். அங்கே இன்னொரு ஆணோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தான். கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை.

பாஸ்டர் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். சபையின் மூப்பர்கள் இருவரும் போய் வந்தார்கள். வேதம் சொல்கிற முறைப்படி எல்லாம் செய்தோம். கடைசியில் சபை கூடி, அவனை விலக்கிவைக்கக் கை தூக்கினோம். கோபத்தில் இல்லை. விலக்கினால் மனம் திரும்பி வருவான் என்று நிஜமாகவே நம்பினோம்.

வெர்லா மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த புதன்கிழமையிலிருந்து அவளும் கை தூக்கினாள், சொல்லாத விண்ணப்பத்துக்கு.

அதன் பிறகு ஒரு புதன் தவறியதில்லை. நாங்களும் விடவில்லை. கெட்ட குமாரன் வீடு திரும்ப வேண்டும் என்று பெயர் சொல்லாமல் ஜெபித்தோம். நடீன் சில நாள் அழுதேவிடுவாள்.

அதனால் அன்று அந்தக் கை மேலே வராததைப் பார்த்ததும் பாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல மனுஷன், சூதுவாது தெரியாது. விண்ணப்பம் இல்லையென்றால் அது கேட்கப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கேட்கக் கூடாது என்கிற வழக்கம் அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு மறந்தே போனது.

"என்ன சிஸ்டர் வெர்லா, இன்னிக்குக் கை கீழேயே இருக்கு? புள்ள வர்றேன்னு சொல்லிட்டானா?"

அங்கங்கே ஆமென் கேட்டது. வேதத்தில் கெட்ட குமாரன் திரும்பி வந்ததும் அப்பா அடித்த மாதிரி, விருந்துக்குக் கொழுத்த கன்று தன் செலவு என்று மாட்டுப் பண்ணைக்காரர் ட்ராய் பின்னாலிருந்து சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

வெர்லா எழுந்திருக்கவில்லை. காகித நாப்கினை மடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"கார்பின் செத்துட்டான் பாஸ்டர். பிப்ரவரியில. அட்லாண்டாவிலேயே அடக்கம் பண்ணிட்டு வந்துட்டேன்."

இது அக்டோபர்.

பிப்ரவரியில் அக்கா வீட்டுக்குப் போய்வருவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். அவள் நாய்க்கு நடீன் சாப்பாடு போட்டாள். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கோடை முழுக்க, மண்ணுக்குள் கிடக்கிற பையனை வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நடீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சாப்பாடு செய்து எடுத்து வந்திருப்போமே என்று அழுதாள். பொய்யில்லை. இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாரக்கணக்கில் அந்த வீட்டு அடுப்பை எரிய விடமாட்டோம்.

ஆனால் சபையின் கல்லறைத் தோட்டத்தில் கார்பினின் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அதை அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா? ஒரு கூட்டம் போட்டிருப்போம்.

 வெர்லா கையை உருவிக்கொள்ளவில்லை.

 பிப்ரவரிக்கு அப்புறமும் வாராவாரம் கை தூக்கினீர்களே, யாருக்காக என்று பாஸ்டர் கேட்டார்.

"எனக்காகத்தான். உங்களையெல்லாம் மன்னிக்க எனக்கு மனசு வரணும்னு."

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்தில் பிள்ளைகளை உட்காரச் சொல்கிற அதே குரல்தான். பிறகு தன் தட்டோடு என் தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பாஸ்டர் தலை குனிந்தார். நாங்களும் குனிந்தோம். ஜெபத்தை யாரும் ஆரம்பிக்கவில்லை.

மன்னித்துவிட்டதால் கை தூக்கவில்லையா, இனிக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டாளா? எழுந்து உள்ளே போய் அதைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.