பூண்டு மாத்திரை

"நீங்க எழுதிக் கொடுத்த மாத்திரையில ஒண்ணுகூட நான் தொடலை டாக்டர். எல்லாம் இதோட வேலை."

கிரேன் ஆபரேட்டர் சட்டைப்பையிலிருந்து பச்சை மூடி போட்ட டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் நல்லது என்று படத்தோடு அச்சிட்ட பூண்டுச் சத்து மாத்திரை. அவரோடு வேலை செய்யும் வெல்டர் ஓய்வு நேரத்தில் விற்பது.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆபரேட்டரின் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே அறையில்தான் அவருக்குக் கெட்ட கொழுப்பு இருநூறைத் தொட்டுவிட்டது தெரியவந்தது. தினம் ஒரு மாத்திரை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அவர் மசியவில்லை.

"எங்கப்பா மாத்திரை முழுங்க ஆரம்பிச்ச வருஷமே போய்ச் சேர்ந்தார். நான் அந்த வரிசையில போய் நிக்கமாட்டேன்" என்று வீட்டில் சொன்னார். மாத்திரை இல்லாமலே கொழுப்பைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று கேன்டீனில் அத்தனை பேர் முன்னால் சவாலே விட்டுவிட்டார்.

"எண்பது அடி உசரத்துல தனியா உட்கார்ந்திருக்கீங்க. மேல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க இறக்கறது?" என்று மனைவி அழுதும் பார்த்தாள். மறுநாள் இந்தப் பச்சை மூடி டப்பாவோடு வந்து நின்றார்.

"தொண்ணூத்தெட்டு" என்றார் டாக்டரம்மா, ரிசல்ட்டைப் பார்த்து. "பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு."

"நான்தான் சொன்னேனே."

"அதான் எனக்கு இடிக்குது. பூண்டு கொஞ்சம் குறைக்கலாம், இவ்வளவு குறைக்காது. லேப்ல யாரோடதோ மாறியிருக்கும்னு நினைக்கிறேன். மறுபடி ரத்தம் கொடுங்க. ரிசல்ட் வர்றவரைக்கும் கிரேன்ல ஏற வேண்டாம். ஃபிட்னஸ் சர்டிபிகேட்ல என்னால கையெழுத்துப் போடமுடியாது."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "திங்கக்கிழமை புது சைட்ல வேலை ஆரம்பிக்குது டாக்டர். நான் இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"உயிரைவிடவா வேலை?"

நர்ஸ் எட்டிப் பார்த்து ஈ.சி.ஜி. எடுக்கக் கூப்பிட்டாள். அவர் மனைவியை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"லேப்ல தப்பு இல்லை டாக்டர். தப்பு என்கிட்ட. அந்த டப்பாவைத் திறந்து பாருங்க."

டாக்டரம்மா மூடியைத் திருகி, உள்ளங்கையில் இரண்டைக் கொட்டினார். அவரே எழுதிக் கொடுத்த கொழுப்பு மாத்திரை.

"பார்க்க ஒரே மாதிரி வெள்ளையா இருந்துச்சு. பூண்டைக் கொட்டிட்டு இதைப் போட்டு வச்சேன். அவர் சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணை எடுத்துப் போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கார். எனக்குத்தான் மூணு மாசமா நெஞ்சு படபடங்குது."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"ஒருத்தருக்குத் தெரியாம மருந்து கொடுக்கறது சரியில்லைம்மா. ஒத்துக்காம போயிருந்தா? வேற மருந்தோட சேர்ந்து ஏதாவது பண்ணியிருந்தா? அந்தப் பூண்டு மாத்திரையும் விளையாட்டு இல்லை, சிலருக்கு ரத்தம் உறையறதைத் தடுக்கும். எதைச் சாப்பிடறார்னு எனக்கும் தெரியணும், அவருக்கும் தெரியணும்."

"சொன்னா தூக்கி எறிஞ்சிடுவார்."

"எறியட்டும், நான் பேசிக்கறேன். இன்னைக்கே சொல்லிடணும். சொல்வீங்களா?"

அவள் தலையாட்டினாள்.

ஈ.சி.ஜி. தாள் வந்தது. ஒரு கோளாறும் இல்லை. டாக்டரம்மா சர்டிபிகேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, கோபப்படக்கூடாது. நீங்க இத்தனை நாளா சாப்பிட்டது பூண்டு இல்லை."

ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கத்தப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் சர்டிபிகேட்டை மெதுவாக நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"ஊரைக் கூட்டிச் சவால் விட்டாச்சு. அப்புறம் உன்கிட்டயே வந்து மாத்திரை கொடுன்னு எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றார், வராந்தா தரையைப் பார்த்தபடி.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். பூண்டு வாசனையே இல்லையே" என்றவர், அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "போன மாசம் உங்க அக்கா வீட்டுக்குப் போனப்போ டப்பாவை நிரப்ப மறந்துட்டே. டாக்டர் சீட்டைக் காட்டி நான்தான் வாங்கி நிரப்பி வச்சேன்."