இன்னொரு தடவை பாருங்க

மதியச் சங்கு ஊதி வெகுநேரம் ஆகியும் ஆடிட்டரை யாரும் சாப்பிட எழுந்திருக்க விடவில்லை. முதலாளி கதவைத் தாழிட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். மெஷின்கள் நின்றிருந்தன. சத்தத்துக்காகத் தாழிட்டார் என்று சொல்ல முடியாது.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலை அது. அட்டையை அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டி, ஒரே ஓட்டத்தில் வெளியே தள்ளும் புது மெஷினை வாங்கலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். மெஷினை விற்கும் ஏஜென்ட், முதலாளி மனைவியின் அண்ணன். மேசைக்கு அந்தப் பக்கம் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஆலையின் கையிருப்பு முழுவதும் அந்த ஒரு மெஷினுக்குள் போய்விடும். தவறினால், வெளியே மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாருக்கும் வேலை இருக்காது. ஆடிட்டருக்கு அது தெரியும்.

வழக்கமாக இதையெல்லாம் ஆலையின் கணக்குப்பிள்ளையே பார்ப்பார். இந்த முறை வெளியாள்தான் வேண்டும் என்று முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். திருப்தியாக முடிந்தால் வருடக் கணக்கும் தன்னிடம் வரும் என்று ஆடிட்டர் நம்பிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் ஏஜென்ட். "போட்ட பணம் எத்தனை வருஷத்துல திரும்பும்?"

"மேலோட்டமாப் பாத்தா ஆறு வருஷம். ஆனா இன்னைக்குக் கையில இருக்கற நூறும், அஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற நூறும் ஒண்ணு இல்ல. அதையும் கழிச்சுப் பாத்தா, மெஷின் தேயற வரைக்கும் ஓட்டினாலும் போட்டது வராது."

"நூறு எப்பவும் நூறுதான் சார். உங்ககிட்ட வந்தா மட்டும் அது எப்படி இளைச்சுப் போகுது?"

முதலாளி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பாருங்க," என்றார்.

ஆடிட்டர் லேப்டாப்பில் மறுபடி தட்டிப் பார்த்தார். முதலாளி அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதேதான் சார் வருது. மெஷின் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பெட்டி போடும். நம்ம ஆர்டர் நாலாயிரம். மீதி நேரம் சும்மா நிக்கும்."

"ஆர்டர் தானா வரும் சார். ரெண்டு ஷிப்டு ஓடும்னு போடுங்க. மாப்ள, நீங்களே சொல்லுங்க, ரெண்டு ஷிப்டு ஓடாதா?"

"இருங்க மச்சான்." முதலாளி ஆடிட்டர் பக்கம் திரும்பினார். "ரிப்பேர் செலவு சேத்தீங்களா?"

"சேத்துட்டேன்."

"கரண்ட்?"

"அதுவும்."

"தரையை உடைச்சு, கீழே காங்கிரீட் போட்டாத்தான் அந்த மெஷின் நிக்கும். அது?"

அதைச் சேர்க்கவில்லை. ஆடிட்டருக்குக் காது சுட்டது. ஒரு தப்பு கிடைத்தால் போதும், கணக்கையே தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று முதலாளி பார்க்கிறார். காங்கிரீட்டையும் சேர்த்தார். தொகை இன்னும் கீழே இறங்கியது.

"இன்னும் குறையுது சார்," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

"நல்லாப் பாருங்க. நீங்க சொல்றதுதான் முடிவு." முதலாளியின் குரல் தாழ்ந்திருந்தது. அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஆடிட்டருக்குத் தோன்றியது.

ஏஜென்ட்டின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி அதை மேசைமேல் வைத்தார். "தங்கச்சிதான். பேசும்மா."

"என்னங்க, இன்னுமா முடியல? எங்கண்ணன் நமக்குக் கெடுதலா பண்ணிடப் போறாரு? அவர் சொல்றதக் கேளுங்க."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றார் முதலாளி.

ஏஜென்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? இன்னைக்கு வரைக்கும் என் பேச்சுக்கு மாப்ள மறுபேச்சு பேசினதில்ல. நீங்கதான் குறுக்க நிக்கறீங்க."

போன் அணைந்தது. அறையில் காற்றே இல்லை. ஆடிட்டருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"கடைசியாக் கேக்கறேன்." முதலாளி மேசைமேல் குனிந்தார். "வாங்கலாமா, வேணாமா? பயப்படாம சொல்லுங்க."

பயப்படாமல் சொல்லுங்கள் என்றவர்களிடம் பயப்படாமல் சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்பது ஆடிட்டருக்குத் தெரியும். ஷிப்டு என்று எழுதிய கட்டத்துக்குப் போனார். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு என்று மாற்றினார். அடியில் சிவப்பாக இருந்த தொகை கறுப்பானது. அவ்வளவுதான் வேலை.

"ரெண்டு ஷிப்டுன்னு வெச்சுக்கிட்டா... வாங்கலாம் சார்."

"அப்படி வாங்க வழிக்கு!" ஏஜென்ட் எழுந்து முதலாளியின் தோளில் ஓங்கித் தட்டினார். "சாயங்காலமே மெஷினை ஏத்தச் சொல்லிடறேன் மாப்ள. இனிமே பேச்சு மாறக் கூடாது." போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனார். முற்றத்திலிருந்து அவர் சிரிப்பு கேட்டது.

ஆடிட்டர் லேப்டாப்பை மூடினார்.

"இப்போ திருப்திதானே சார்?"

முதலாளி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

"அவர்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராதுன்னுதானே, சார், உங்களக் கூப்பிட்டேன்?"